எழுத்தாளருக்குப் பின்னால் இருப்பவர்கள்: திருச்சியும் ஸ்ரீரங்கமும்

பாரதியார் 1921 செப்டம்பரில் இறந்தபோது, பெரம்பலூர்ப் பக்கத்துத் தொண்டைமான்துறையில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பாரதியை அவன் பார்த்ததில்லை. இரு குடும்பங்களுக்கும் உறவும் இல்லை. பாரதிக்கு இரண்டு பெண்கள், ஆண் வாரிசு கிடையாது. அந்தப் பையன் வளர்ந்து திருச்சியில் பத்திரிகை ஆசிரியரானபின், தன்னைப் பாரதியின் மகனாக வரித்துக்கொண்டு ஆண்டுதோறும் அவருக்குத் திதி கொடுத்தார். செல்லம்மா பாரதியின் முதுமையில் பிள்ளையின் இடத்திலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். அவர்தான் திருலோக சீதாராம் (1917–1973).

இந்தச் செய்தியைப் பாரதி பக்தியின் ஓர் உச்சமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது ஓர் ஆய்வுக் கேள்வியாகவே படுகிறது. எழுத்தாளர் கண்ணை மூடியபின் அவருடைய வாழ்க்கையை யார் எடுத்து வைக்கிறார்கள்? பிள்ளைகளா, மாணவர்களா, அரசாங்கமா, வாசகர்களா? எழுத்து நன்றாக இருந்தால் அது தானாக நிற்கும் என்று நம்ப நமக்கு ஆசை. திருச்சியின் இருநூறு ஆண்டு இலக்கிய வரலாறு அந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. நின்றவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு ஆள் நின்றிருக்கிறார். ஆள் இல்லாதவர்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மங்கிப்போயிருக்கிறார்கள்.

மன்னார்புரத்தில் தொடங்கி ஜங்ஷன், பாலக்கரை, தெப்பக்குளம், காவிரிப் பாலம், திருவானைக்காவல் என்று ஸ்ரீரங்கம் போய்ச் சேரும் வழி பத்துக் கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். இந்தக் குறுகிய நிலத்தில் வாழ்ந்தோ படித்தோ போனவர்களின் பட்டியல் மிக நீளமானது. எல்லோரையும் இங்கே அடுக்குவதில் பயனில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815இல் திருச்சிக்கு அருகே அதவத்தூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, பிழைப்புக்கும் படிப்புக்குமாகத் திருச்சி நகரத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஏடு வைத்திருப்பவர் ஒருவர், பாடம் சொல்லத் தெரிந்தவர் இன்னொருவர். இரண்டும் ஓரிடத்தில் அமைவது அரிது. வீடு வீடாகப் பிச்சையெடுத்துத் திரிந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் பின்னாலேயே தெருத்தெருவாகப் போய், அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுத்துப் பாடம் கேட்டார் பிள்ளை. அணியிலக்கணம் திருச்சித் தெருவில் ஒரு பிச்சைக்காரரின் வாயிலிருந்து ஒரு இளைஞனின் காதுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

பின்னாளில் அவர் மாயூரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் போனார். இருபதுக்கும் மேற்பட்ட தல புராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், மாலைகள் என்று எழுதிக் குவித்தார். திருச்சிப் பக்கத்துக்காக மட்டும் உறையூர்ப் புராணம், திருவானைக்கா அகிலாண்டநாயகி மாலை என்று பாடியிருக்கிறார். மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருடைய நண்பர். குளத்தூரில் பிறந்து, திருச்சிக் கோர்ட்டில் உத்தியோகத்தைத் தொடங்கி, 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற முதல் தமிழ் நாவலை வெளியிட்டவர். அவர் மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். சைவப் புலவர் கிறிஸ்தவ நண்பர் மீது கோவை பாடியதை அன்று யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளை அதைப் பொருட்படுத்தவில்லை என்று மட்டும் சொல்லலாம். அவருடைய மாணவர்களில் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர், நாகூர் குலாம் காதிறு நாவலர் முஸ்லிம்.

1876 பிப்ரவரி 1ஆம் தேதி பிள்ளை இறந்தார். கையில் காசில்லை, கடன் இருந்தது. கடைசி நேரத்தில் சவேரிநாத பிள்ளை உடனிருந்தார். திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தவர் ஐந்து ஆண்டுகளாக அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர்.

இனிமேல்தான் நம் கேள்விக்கான செய்தி வருகிறது. பிள்ளை எழுதிய தல புராணங்களை இன்று வாசிப்பவர்கள் எத்தனை பேர்? புலவர் வட்டத்துக்கு வெளியே அநேகமாக யாரும் இல்லை. ஆனால் பிள்ளையை நமக்குத் தெரியும். அவர் எப்படிப் பாடம் சொன்னார், எப்படி வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள், எந்த விருந்தில் என்ன நடந்தது, யாரிடம் கடன் பட்டார் என்பதெல்லாம் தெரியும். காரணம், குரு இறந்து 57 ஆண்டுகள் கழித்து, தமது எழுபத்தெட்டாம் வயதில், சாமிநாதையர் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி 1933–34இல் வெளியிட்டார். கடிதங்களைத் தேடினார், பழகியவர்களைக் கேட்டார், தனிப்பாடல்களைச் சந்தர்ப்பத்தோடு சேர்த்தார். சங்க நூல்களைப் பதிப்பித்த அதே கவனத்தோடு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பதிப்பித்தார் என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இன்று இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆசிரியரின் நூல்களைவிட ஆசிரியரைப் பற்றி மாணவர் எழுதிய நூல் அதிக காலம் வாழ்கிறது.

அடுத்தது கு.ப. ராஜகோபாலன். அவரைக் கும்பகோணத்துக்காரராகவே நினைக்கிறோம். ஆனால் சிறு வயதிலேயே குடும்பம் திருச்சிக்கு வந்துவிட்டது. கொண்டையம்பேட்டையில் தொடங்கி நேஷனல் காலேஜில் இன்டர்மீடியட் வரை அவருடைய படிப்பு இங்கேதான். கடைசி வேலையும் திருச்சி ஜில்லாவில்தான் கிடைத்தது. மணிக்கொடி நின்றபின், அதில் எழுதியவர்களுக்குப் பத்திரிகை இல்லாமல் போனது. போர்க்காலத்தில் காகிதக் கட்டுப்பாடு வேறு. அந்த இடைவெளியை நிரப்பியவை இந்த ஜில்லாவிலிருந்து வந்த இரண்டு சிறு பத்திரிகைகள். ஒன்று, 1942இல் திருச்சியில் வி.ரா. ராஜகோபாலன் (சாலிவாகனன்) தொடங்கிய ‘கலாமோகினி’. மற்றது, துறையூரிலிருந்து அரசியல் பத்திரிகையாக வந்துகொண்டிருந்த ‘கிராம ஊழியன்’. 1943இல் அது இலக்கியப் பத்திரிகையாக மாறியது. ஆசிரியர் திருலோக சீதாராம், கௌரவ ஆசிரியர் கு.ப.ரா. இந்த இரண்டு பத்திரிகைகளும் இல்லாவிட்டால் ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதை எழுதிப் பார்த்த அந்த ஆண்டுகள் பெரும்பாலும் அச்சேறாமலே போயிருக்கும்.

கு.ப.ரா. அந்த வேலையில் நெடுநாள் இருக்கவில்லை. காலில் ரத்த ஓட்டம் கெட்டு, 1944 ஏப்ரல் 27இல் கும்பகோணத்தில் இறந்தார். வயது 42. ‘கிராம ஊழியன்’ பொறுப்பைப் பின்னர் வல்லிக்கண்ணன் ஏற்று 1947 வரை நடத்தினார். வல்லிக்கண்ணனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவருடைய கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தமிழ்ச் சிறுபத்திரிகைகளைப் பற்றி அவர் எழுதி வைத்த நூல் ஒன்றே போதும். எந்தப் பத்திரிகை எந்த ஊரிலிருந்து வந்தது, யார் நடத்தினார், ஏன் நின்றது என்று உட்கார்ந்து எழுதினார். துறையூர் என்ற சின்ன ஊர் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றதில் அந்த நூலின் பங்கு பெரியது. பத்திரிகை நடத்தியவரே அதன் சரித்திரக்காரராகவும் ஆனது அந்த ஊரின் அதிர்ஷ்டம்.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். இந்த ஊரின் எழுத்தாளர் யார் என்று கேட்டால் தொண்ணூறு பேர் சுஜாதா என்பார்கள், மீதிப்பேர் வாலி என்பார்கள். குமுதினியின் பெயர் வராது. அது எனக்கு ஆறாத வருத்தம்.

குமுதினி என்பது ரங்கநாயகி தாத்தம் (1905–1986) அவர்களின் புனைபெயர். ஆசாரமான வைணவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் நடத்தியவர். பள்ளிப் படிப்பு கிடையாது, வீட்டிலேயே கற்றார். காந்தியின் வழியை ஏற்றுக் கதர் உடுத்தினார். மடி ஆசாரம் தவறாத ஒரு வீட்டில், 1930களில், ஒரு மருமகள் அப்படி முடிவெடுப்பது என்ன பொருள்படும் என்பதை அந்தத் தெருக்களை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். ‘ஆனந்த விகட’னிலும் ‘கலைமக’ளிலும் எழுதினார். ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’, ‘திவான் மகள்’ ஆகியவை அவருடைய நூல்கள். தாகூரை மொழிபெயர்த்தார். திருச்சி சேவா சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இடம் கொடுத்தது.

1934இல் அவர் எழுதிய ஒரு சிறு படைப்பை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சீதை மிதிலையில் இருக்கும் தன் தாய்க்கு அயோத்தி அந்தப்புரத்திலிருந்து கடிதங்கள் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள்? புடவையைப் பற்றி. அயோத்திப் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள், தாய்வீட்டிலிருந்து வந்தது அந்தப் பகட்டுக்கு ஈடாகுமா, பட்டாபிஷேகத்துக்கு எதை உடுத்துவது என்ற கவலை. புகுந்த வீட்டில் தன் தாய்வீட்டுச் சீர் குறைவாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று தவிக்கும் எந்தப் பெண்ணின் கடிதமாகவும் அது இருக்கலாம். கடிதங்கள் வனவாசத்தில் போய் முடிகின்றன. ராமன் பேசுவதே இல்லை, தசரதன் சபை இல்லை, கைகேயியின் வரம் பின்னால் எங்கோ நடக்கிறது. ஒரு காவியத்தின் திருப்பத்தைப் பீரோவிலிருந்து பார்த்தவர் குமுதினி. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதியது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ராமாயணத்தை மறுபடி எழுதிய தமிழ்க் கதைகள் என்றால் புதுமைப்பித்தனில் தொடங்கும் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

இந்தப் படைப்பு இன்று உலகில் யார் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது? தென்னிந்திய நவீன ராமாயணக் கதைகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர் பாலா ரிச்மன் 2008இல் வெளியிட்ட ஆங்கில நூலை வைத்திருப்பவருக்கு. ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் தேடும் நிலை. குமுதினிக்கு ஒரு சாமிநாதையர் அமையவில்லை. பெண் எழுத்தாளர்களுக்கு மாணவர் பரம்பரை, பத்திரிகை அலுவலகம், காபி கிளப் வட்டம் எதுவும் இல்லாமலிருந்ததுதான் காரணம். ஆண் எழுத்தாளர்களின் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் அவர்களோடு சுற்றியவர்கள் எழுதியவை. குமுதினியோடு யார் சுற்றியிருக்க முடியும்? குடும்பமும் சில ஆய்வாளர்களும் இல்லாவிட்டால் இந்தப் பெயரும் மிஞ்சியிருக்காது.

முசிறியில் 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் போனார். படகரிடையேயும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையேயும் சென்று தங்கி நாவல் எழுதினார். 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கணவர் இறந்தபின் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி என்று கடைசி ஆண்டுகள் கழிந்தன. 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பணம் கொடுத்தது. இறந்தவர்களுக்குச் செய்வதையே வழக்கமாகக் கொண்ட அரசு, வாழும் எழுத்தாளரின் வறுமைக்கு அதைப் பயன்படுத்தியது நல்ல காரியம். ஆனால் நாட்டுடைமை என்பது அச்சிடும் உரிமையைப் பொதுவாக்குவது. நல்ல பதிப்பையோ வாழ்க்கை வரலாற்றையோ அது கொண்டுவந்து தராது. அந்த வேலைக்கு மறுபடியும் ஒரு மனிதர் வேண்டும்.

ஊரை விட்டுப் போய்ப் புகழ் பெற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்கி திருச்சியில் பள்ளிப் படிப்பை 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக விட்டார். அவருக்கு ‘பொன்னியின் புதல்வர்’ என்ற பெரிய வரலாற்றை எழுத, வானொலியிலும் பிபிசி தமிழோசையிலும் பணியாற்றிய சுந்தா வாய்த்தார். வாலி திருப்பராய்த்துறையில் 1931இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், 1939இல் தொடங்கிய திருச்சி வானொலிக்கு எழுதினார், பிறகு சென்னைக்குப் போனார். அவர் வேறு ஆளை நம்பவில்லை. ‘நானும் இந்த நூற்றாண்டும்’ என்று தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவிட்டுத்தான் 2013இல் மறைந்தார். லால்குடிக் குடும்பத்தின் லா.ச. ராமாமிர்தமும் ‘பாற்கட’லில் தம் முன்னோர் கதையைத் தாமே எழுதினார்.

சுஜாதாவும் அந்த வகைதான். இன்னும் ஒருபடி மேலே போய், தம் இளமையோடு ஊரையே எழுதி வைத்தார். பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன், செயின்ட் ஜோசப் காலேஜில் இயற்பியல் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வழியாகப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போய், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முக்கியப் பங்காற்றினார். ஆனால் ‘ஸ்ரீரங்கத்து தேவதை’களில் கீழச் சித்திரை வீதியை விட்டு ஒரு அடி நகரவில்லை. ரங்கு கடை, கிரிக்கெட், வடம் பிடிக்கும் கூட்டம், வரன் தேடும் பெண்கள் எல்லாம் 1940களிலேயே நிற்கின்றன. சித்திரை, உத்திர வீதிகளில் இன்று அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்ட பிறகு, அந்தக் கதைகள் சமூக வரலாற்று ஆவணமாகவும் ஆகிவிட்டன.

இந்த சுஜாதாவின் முதல் கதை எங்கே வந்தது? 1953இல், திருச்சியிலிருந்து வெளிவந்த ‘சிவாஜி’ பத்திரிகையில். அதன் ஆசிரியர் திருலோக சீதாராம். அந்த இதழ் தன்னிடம் இல்லை என்று சுஜாதா பிற்பாடு எழுதினார். தமிழில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவரின் முதல் கதையை அவராலேயே கையில் எடுத்துப் பார்க்க முடியவில்லை. பெரிய பத்திரிகைகளின் பழைய இதழ்கள் ஓரளவு பிழைத்தன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்ததால் எத்தனையோ சிறு வெளியீடுகளும் பிழைத்தன. ‘சிவாஜி’ போன்ற பத்திரிகைகள் அச்சாகி, சில நூறு வீடுகளுக்குப் போய், பழைய பேப்பர்காரரிடம் முடிந்தன.

ஆகவே கட்டுரை மறுபடி திருலோகத்திடம் வர வேண்டியிருக்கிறது. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு முடித்துக்கொண்டு, பார்வையற்ற புலவர் ஒருவரிடம் தமிழ் கற்றவர் அவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பரதேசியின் பின்னால் போய்க் கற்ற அதே முறைதான். நூறாண்டு கழித்தும் இந்த வட்டாரத்தில் அது உயிரோடு இருந்தது. பாட்டைக் காதால் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது. பாரதியையும் பாரதிதாசனையும் புத்தகம் இல்லாமல் மணிக்கணக்கில் சொல்வார். மேடையில் பாடுவதை வைத்தே ஊர் ஊராகப் பாரதிதாசனைக் கொண்டு சேர்த்தார். பிராமணராகப் பிறந்தவர், திராவிட இயக்கத்தின் கவிஞரைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். அதே மனிதர் ஆண்டுதோறும் வைதிகச் சடங்கோடு பாரதிக்குத் திதி கொடுத்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கவிதைக்குச் செய்ய வேண்டிய கடன் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

திருச்சியில் அவரைச் சுற்றிக் கூடிய நண்பர் குழுவுக்குத் தேவசபை என்று பெயர். வக்கீல்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கூடிக் கவிதை பேசினார்கள். சேக்கிழார் அடிப்பொடி என்று பெயர் பெற்ற தஞ்சாவூர் வழக்கறிஞர் தி.ந. இராமச்சந்திரன் திருலோகத்தைத் தம் குருவாகக் கொண்டவர். பின்னாளில் பெரிய புராணத்தையும் பாரதியையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். திருலோகம் தாமும் எழுதினார்: ‘கந்தர்வ கானம்’ போன்ற கவிதைகள், ‘இலக்கியப் படகு’ கட்டுரைகள், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ மொழிபெயர்ப்பு. ஹெஸ்ஸேயைத் தமிழில் வாசித்த பலருக்கு மொழிபெயர்த்தவர் யார் என்ற நினைவு இருப்பதில்லை. 1973 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது வயது 56.

மற்றவர்களுக்கு அவர் செய்ததை அவருக்குச் செய்தவர்கள் சிலர் உண்டு. ரவி சுப்பிரமணியன் ‘திருலோகம் என்றொரு கவி ஆளுமை’ என்ற ஆவணப்படத்தை எடுத்து, அவரோடு பழகியவர்களைப் பேச வைத்தார். அந்தப் படம் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் சாமிநாதையர் எழுதிய அளவில் ஒரு சரித்திரம் திருலோகத்துக்குத் தேவை. அதற்கு வேண்டியவை மூன்றே: ‘சிவாஜி’ இதழ்கள், அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமான கடிதங்கள், நேரில் கேட்டவர்களின் வாய்மொழி. முதல் இரண்டும் பழைய திருச்சிக் குடும்பங்களின் பரண்களில் இன்னும் இருக்கலாம். கல்லூரித் தமிழ்த் துறைகள் ஒரு வருடம் முனைந்தால் கணிசமாகச் சேர்ந்துவிடும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்த ஊரிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் காத்திருக்காது. 1973இல் இருபது வயதில் அவர் பாடக் கேட்டவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ‘பாஞ்சாலி சபத’த்தை அவர் எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த அடியைத் திருப்பிச் சொல்வார், தேவசபையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், செல்லம்மா பாரதியைப் பற்றி அவர் என்ன சொன்னார், ‘சிவாஜி’க்குக் காகிதக் கடன் யார் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் இந்த வருடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.